மழைக்கு அடித்த பெயர்கள்

எனக்குப் பிடிக்காத ஆட்களில் முதல் வரிசையில் நிற்கிறவர்கள், ஒரு மொழியில் இருப்பதை இன்னொரு மொழிக்கு வார்த்தைக்கு வார்த்தை மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறவர்கள். இடையஞ்சாவடி டீக்கடையில் ஆரோவில் வெள்ளைக்காரர் ஒருவர் தினமும் வந்து, "நான் ஒரு தேநீரை எடுத்துக்கொள்வேன்" என்பார். ஒவ்வொரு வார்த்தையும் சரியான தமிழ்தான். கடைக்காரரும் சரி, எடுத்துக்கொள்ளட்டும் என்று சும்மா நிற்பார். அந்த மனிதராவது பாவம், பிரான்சிலிருந்து வந்தவர். உப்பள முதலாளி ராஜாங்கத்தின் மருமகன் சதீஷ் திண்டிவனத்திலிருந்து வந்தவன்.

என் பெயர் ஞானமேரி. திண்டிவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறேன். மரக்காணத்தில் ராஜாங்கத்தின் உப்பளத்துக்கு ஃபாக்ஸ்புரோ மொழியில் புரோகிராம் எழுதிக் கொடுத்தவள் நான்தான். எழுதியது தொண்ணூற்றாறில். யாருக்கு எந்தப் பாத்தி, யார் எந்த வருஷம் சேர்ந்தார்கள், யார் இன்றைக்கு வந்தார்கள் என்பதையெல்லாம் அது பார்த்துக்கொண்டது. ஃபாக்ஸ்புரோ பெரிய மொழியெல்லாம் இல்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, கொஞ்சம் மந்தம். அதன் மேல் எனக்கு ஒரு பாசமும் கிடையாது. ஆனால் எங்கள் உப்பளத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல அதில் ஒரு விஷயம் இருந்தது.

அது என்னவென்று சொல்ல வேண்டுமானால் மழையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஐப்பசி பிறந்தால் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தியெல்லாம் மழைத் தண்ணீரில் மூழ்கிவிடும். அப்போது கணக்கர் ஆள் பேரேட்டை எடுத்து ஒவ்வொரு பெயரின் மேலும் பென்சிலால் ஒரு கோடு போடுவார். அதற்கு 'மழைக்கு அடிக்கிறது' என்று பெயர். பொங்கல் கழிந்து பாத்தியில் சேறு மிதிக்கத் தொடங்கும் நாளில் ரப்பரை எடுத்து அந்தக் கோட்டை அழிப்பார். அது 'பேர் எழுப்புறது'. அதே ஆள், அதே நம்பர், அதே பாத்தி. இந்த இரண்டு காரியத்துக்கும் பேனாவை யாரும் தொட்டதில்லை. கணக்கராக இருந்தவர் என் அப்பா சவரிநாதன். அவர் பேனாவுக்கு மை போடச் சோம்பல்பட்டுத்தான் பென்சில் பிடிக்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வேறு பல விஷயங்களில் சோம்பேறிதான், அதனால் அப்படி நினைத்ததில் தப்பில்லை.

ஃபாக்ஸ்புரோவும் அப்பாவைப் போலத்தான். டெலீட் என்று அடித்தால் அது எதையும் அழிக்காது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியை வைத்து, பெயரைக் கண்ணில் படாமல் மறைத்து வைக்கும். ரீகால் என்று அடித்தால் குறி போய்ப் பெயர் பழையபடி வந்துவிடும். நிஜமாகவே ஒழிக்க வேண்டுமென்றால் பேக் என்று தனியாக ஒரு கட்டளை. அதை அடித்துவிட்டால் குறி வைத்த பெயர்கள் போனது போனதுதான். ஆகவே ஐப்பசிக்கு ஒரு டெலீட், தைக்கு ஒரு ரீகால் என்று அப்பாவின் பென்சிலையும் ரப்பரையும் இரண்டே வரியில் எழுதிவிட்டேன்.

முதலாளி ராஜாங்கத்திடம் அன்றே சொல்லிவைத்தேன், இந்தப் பேக் என்ற வார்த்தையை மட்டும் யாரும் அடித்துவிடக் கூடாது என்று. அவர் பயந்துபோய் ஒரு சீட்டில் தன் கையாலேயே 'பேக் அடிக்கக் கூடாது' என்று எழுதி மானிட்டரின் நெற்றியில் ஒட்டினார். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அந்தச் சீட்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். சீட்டுக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

இரண்டாயிரத்து ஐந்தில் அவர் மகள் நிவேதாவைக் கட்டிக்கொண்டு சதீஷ் வந்து சேர்ந்தான். சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தவன். அந்தக் கம்பெனி அவனைச் சில மாதம் வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்ததாம். திருப்பி அனுப்பியது ஏன் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வந்த வாரமே, "மாமா, ஃபாக்ஸ்புரோ செத்துப்போச்சு. எல்லாத்தையும் ஜாவாவுக்கு மாத்திடலாம்" என்றான். மாமாவுக்கு ஜாவாவும் தெரியாது, ஃபாக்ஸ்புரோ உயிரோடு இருந்ததும் தெரியாது. மருமகன் சும்மா உட்கார்ந்திருக்காமல் ஏதாவது செய்தால் சரி என்று தலையாட்டினார்.

அவன் வேலை செய்த விதத்தை நான் பார்த்தேன். என் புரோகிராமைக் காகிதத்தில் அச்செடுத்து இடது பக்கம் வைத்துக்கொண்டான். ஒரு வரியைப் படிப்பான். அதே வரியை ஜாவாவில் அடிப்பான். அடித்த வரியை ஸ்கேல் வைத்துப் பேனாவால் கோடு போட்டு முடிப்பான். அந்த வரி எதற்காக இருக்கிறது, யாருக்காக இருக்கிறது என்று ஒரு தடவை தலையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே பார்த்திருந்தால் போதும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உப்பளம் முழுக்க ஏரியாகக் கிடந்தது. பார்க்கவில்லை.

வேலை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டினான். "பாத்தீங்களா மேடம், ஸ்பீடு?"

வேகமாகத்தான் ஓடியது. ஆளே ஏறாத பஸ் வேகமாகத்தான் போகும். அவன் மாற்றியது ஐப்பசி மாதம். பெயர்கள் எல்லாம் மழைக்கு அடித்து மறைத்து வைக்கப்பட்டிருந்தன. மறைந்திருந்ததை அவன் எடுக்கவே இல்லை. புதுப் புரோகிராமில் ராஜாங்கமும், அவர் தம்பிமாரும், வாட்ச்மேனும், லாரி டிரைவரும் மட்டும் இருந்தார்கள். உப்பு வாருகிற ஒருத்தர் பெயர்கூட இல்லை. அது போதாதென்று என் டெலீட்டை அவன் ஜாவாவிலும் டெலீட் என்றே எழுதியிருந்தான். அங்கே டெலீட் என்றால் குறி வைப்பதெல்லாம் கிடையாது. ஒரேயடியாகத் துடைத்துவிடும்.

"டெலீட்ட டெலீட்டுன்னே வச்சிருக்கியேப்பா" என்றேன்.

"டெலீட்டுன்னா டெலீட்டு தான மேடம்? மொழி மாறினாலும் லாஜிக் ஒண்ணு தான்."

"இங்க அது அழிக்கிறதில்ல. மறைச்சு வைக்கிறது. தையில எல்லாரும் திரும்ப வருவாங்க."

"வந்தா புதுசா என்ட்ரி போட்டுக்கலாம் மேடம். டேட்டா கிளீனா இருக்கும்."

ஒரு விஷயத்தை இரண்டாவது தடவை சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதுவும் டேட்டா கிளீனாக இருக்கும் என்று பேசுகிறவனிடம் சொல்ல மாட்டேன். என் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

தை பிறந்தது. பேர் எழுப்பும் நாளன்று சாவியையும் பழைய ஃபிளாப்பிகளையும் ஒப்படைப்பதற்காக நானும் உப்பளத்துக்குப் போயிருந்தேன். ஆபீஸ் வாசலில் சதீஷ் ஒரு மேஜை போட்டு, புதுக் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எல்லாரும் வரிசையில் வந்து பெயர் சொல்ல வேண்டுமாம், வந்த வரிசைப்படி பாத்தி நம்பர் விழுமாம். முதலில் நின்ற ஆளுக்கு முதல் சீட்டு வந்தது. அந்த ஆள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூஜ்யம் பாத்தின்னு போட்டிருக்குதே சார். அது எங்க இருக்குது?"

ஃபாக்ஸ்புரோ ஒன்றிலிருந்து எண்ணும். ஜாவா பூஜ்யத்திலிருந்து எண்ணும். அதைக்கூட மாற்றாமல் வரியை மட்டும் மாற்றியிருக்கிறான். இந்தக் கரையில் பூஜ்யம் பாத்தியில் உப்பு விளைந்து யாரும் பார்த்ததில்லை. சதீஷ் முகம் சிவந்து பேனாவால் ஒன்று என்று திருத்திக் கொடுத்தான். அப்புறம் ஒவ்வொரு சீட்டுக்கும் பேனாவால் ஒன்றைக் கூட்டினான். இதற்குப் பெயர் கம்ப்யூட்டர்.

நிஜமான ஒன்றாம் பாத்திக்காரி முத்தம்மாள். வரிசைக்கு வெளியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

முத்தம்மாளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல என்னால் முடியாது. எனக்குக் கல்யாணம் ஆகாததை மாதா கோவில் தெருவிலிருந்து உப்பளம் வரை சொல்லிக்கொண்டு திரிந்தவள். என் அப்பா செத்த வீட்டில் வந்து உட்கார்ந்து, ஒரு நாள் தனக்கு ஆஜர் போடாமல் விட்டதைச் சொல்லிச் சொல்லி அழுதவள். ஆனால் வாய்க்கால் தலைப்பில் இருக்கிற ஒன்றாம் பாத்தி இருபது வருஷத்துக்கு மேல் அவளுடையது. கடல் தண்ணீர் முதலில் ஏறுவது அங்கேதான். வாரின உப்பைக் கொட்டும் மேடும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு முழங்காலும் போய்விட்ட பிறகும் அவளால் வேலை செய்ய முடிந்தது அந்தப் பாத்தி என்பதால்தான்.

"எம் பேரு என்னான்னு என்னியே கேக்கறான் பாரு. நான் எதுக்குடா வரிசையில நிக்கணும்? என் பாத்தி எங்க இருக்குதுன்னு நாய்க்குக்கூடத் தெரியும்" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

கத்தி முடித்து அவள் வந்தபோது வரிசை தீர்ந்துவிட்டது. கடைசிப் பாத்தி கிடைத்தது. கழுவெளி ஏரி ஓரத்தில், முழங்கால் சேற்றில் இருக்கிற பாத்தி. தண்ணீர் கடைசியாக வரும் இடம். அங்கிருந்து மேட்டுக்கு உப்புக் கூடையைத் தலையில் சுமந்து வருவதற்குள் நல்ல கால் உள்ளவர்களே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார்கள். சீட்டில் சேர்ந்த வருஷம் இரண்டாயிரத்து ஆறு என்று இருந்தது. எல்லார் சீட்டிலும் அப்படித்தான்.

இது தப்பு என்று ராஜாங்கத்துக்கும் தெரிந்தது. மறுநாள் வக்கீலிடம் பேசினார். பேசிவிட்டு வந்த பிறகு அது தப்பாகத் தெரியவில்லை. எல்லாரும் இந்த வருஷம் சேர்ந்தவர்கள் என்றால், எப்போது வேண்டுமானாலும் யாரையும் நிறுத்தலாம், எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம், பழைய வருஷத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்க முடியாது. மருமகனின் முட்டாள்தனம் மாமனாருக்குப் புத்திசாலித்தனமாகிவிட்டது. குடும்பம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

முத்தம்மாள் கடைசிப் பாத்தியில் இறங்கவில்லை. நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு விழுப்புரம் போய் மனு கொடுத்துவிட்டாள். லேபர் ஆபீசர் விசாரணைக்கு வருகிறார் என்றதும் ராஜாங்கம் எனக்குப் போன் செய்தார்.

"மேரி, ஒண்ணும் பெரிய வேலை இல்லம்மா. உன் புரோகிராம்ல டெலீட்டுன்னு தான எழுதியிருக்குது? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, டீ குடிச்சிட்டுப் போ. புது சிஸ்டத்தையும் நீயே பாத்துக்கலாம், நான் சதீஷ்கிட்ட சொல்றேன்."

"சொல்லலைன்னா?"

"ஏம்மா அப்படியெல்லாம் பேசற? உங்க அப்பா இங்க உப்பத் தின்னவரு."

உப்பளத்துக்காரர் உப்பைப் பற்றி ஞாபகப்படுத்துகிறார். போனை வைத்துவிட்டேன்.

விசாரணை உப்பள ஆபீசிலேயே நடந்தது. லேபர் ஆபீசர் ஜலதோஷத்தோடு வந்திருந்தார். நிமிஷத்துக்கு ஒரு தடவை மூக்கைத் துடைத்தார். கம்ப்யூட்டர் சொன்னால் கடவுள் சொன்ன மாதிரி என்று நம்புகிற வகை மனிதர் என்று முகத்திலேயே தெரிந்தது. ஒரு பக்கம் ராஜாங்கமும் சதீஷும். கதவோரம் முத்தம்மாளும் இன்னும் சிலரும். அவர்களுக்கு நாற்காலி போடவில்லை.

சதீஷ் என் பழைய புரோகிராமின் அச்சை நீட்டினான். டெலீட் என்ற இடத்தில் மஞ்சள் மை பூசியிருந்தான்.

"சார், இது மேடம் எழுதின பழைய புரோகிராம். வருஷா வருஷம் ஐப்பசியில எல்லாரையும் டெலீட் பண்ணியிருக்காங்க. தையில திரும்பச் சேத்திருக்காங்க. அதனால சர்வீஸ் கண்டினியூட்டின்னு ஒண்ணு எப்பவுமே இல்ல சார். நான் அதையே அப்படியே ஜாவாவுல எழுதினேன், அவ்ளோதான்."

ஆபீசர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது நீங்க எழுதினது தானேம்மா?"

"ஆமா சார்."

"டெலீட்டுன்னா எடுத்துடறது தானே?"

ராஜாங்கம் எனக்கு டீ கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினார். கதவோரத்தில் முத்தம்மாள் என்னை முறைத்தாள். நான் ஆமாம் என்று சொல்லிவிடுவேன் என்று அவள் முடிவே செய்துவிட்டாள். அந்தப் பார்வையைப் பார்த்ததும், சொல்லிவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் மஞ்சள் மை பூசிய அந்த வரி என்னுடையது. அதற்குச் சதீஷ் அர்த்தம் சொல்கிறான். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"பழைய கம்ப்யூட்டரக் கொண்டுவரச் சொல்லுங்க சார். வாயால சொல்றத விடக் காட்டிடறேன்."

அதைக் காயலான் கடைக்குப் போடச் சதீஷ் துடித்திருந்தான். ராஜாங்கத்துக்கு எதையும் தூக்கிப்போட மனசு வராது. சாக்குக் கிடங்கில் போட்டு வைத்திருந்தார். இரண்டு பேர் தூக்கி வந்து மேஜையில் வைத்தார்கள். மானிட்டர் நெற்றியில் சீட்டு அப்படியே இருந்தது, குங்குமம் மட்டும் கறுத்துப் போயிருந்தது. சுவிட்சைப் போட்டதும் முனகிக்கொண்டு எழுந்தது.

முதலாளிமார் விவரம் இருக்கும் கோப்பைத் திறந்தேன். உப்பளத்தில் ராஜாங்கத்துக்கு எவ்வளவு பங்கு, அவர் தம்பிமாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில்தான். முதல் பெயர் ராஜாங்கம். அதன் மேல் நின்று டெலீட் அடித்தேன். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் வந்தது. அடுத்து மறைக்கும் கட்டளையைப் போட்டேன். பட்டியலில் தம்பிமார் மட்டும் இருந்தார்கள்.

"மொதலாளிய டெலீட் பண்ணிட்டேன் சார்" என்றேன்.

ஆபீசர் மூக்கைத் துடைப்பதை நிறுத்தினார். "ஏங்க, உங்களை எடுத்துட்டாங்களாமே."

ராஜாங்கம் சிரித்தார். நிஜமாகவே தமாஷாக இருந்தது அவருக்கு. "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். உள்ள தான் இருக்கும். பேரு எங்கயும் போவாது."

"அப்படியா?" என்றேன். பேக் என்று ஆங்கிலத்தில் நாலு எழுத்தை அடித்து, எண்டர் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். "தட்டவா மொதலாளி?"

அந்த மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் டீ டம்ளர் உருண்டது. "ஏய், ஏய்! தட்டாத மேரி! அதத் தட்டினா தாம்மா போயிடும்! அப்புறம் திரும்ப எடுக்க முடியாது!" கை மானிட்டர் நெற்றியில் இருந்த சீட்டைக் காட்டியது. அவர் கையெழுத்து, அவர் குங்குமம்.

ஆபீசர் எட்டி அந்தச் சீட்டைப் படித்தார். பிறகு ராஜாங்கத்தைப் பார்த்தார். "அப்போ டெலீட் அடிச்சா ஆள் போறதில்ல. அது உங்களுக்கே தெரிஞ்சிருக்குது."

"அது... அது வேற சார். இது வேற."

"எப்படி வேற?"

ராஜாங்கம் மருமகனைப் பார்த்தார். மருமகன் மஞ்சள் மை பூசிய காகிதத்தைப் பார்த்தான். ஆபீசர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். அவரைப் பற்றி நான் நினைத்ததில் பாதியை வாபஸ் வாங்கிக்கொண்டேன். மிச்சப் பாதி இருக்கட்டும்.

நான் மறைக்கும் கட்டளையை எடுத்து, ராஜாங்கத்தின் பெயரை எழுப்பி வைத்துவிட்டு, ஆள் கோப்பைத் திறந்தேன். திரை முழுக்கப் பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் நட்சத்திரம். ஒருத்தரும் போகவில்லை. எல்லாரையும் தள்ளிக்கொண்டு முத்தம்மாள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து அலட்சியமாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

"எம் பேரு எது?"

முதல் வரியைக் காட்டினேன்.

"பக்கத்துல பூச்சி மாதிரி ஒண்ணு ஒக்காந்திருக்குதே, அது என்னா?"

"மழைக்கு அடிச்ச குறி."

"யாரு வச்சது?"

"நான் தான். அதுக்கு முன்னாடி எங்கப்பா பென்சில்ல வச்சாரு."

"மழைக்கு நான் எங்கம்மா போனேன்?" என்றாள். இந்தத் தடவை கத்தவில்லை. "இங்க தான இருந்தேன். சுனாமி வந்த அன்னிக்குக் கரை ஒடைஞ்சிச்சே, அப்ப நாங்க தான் மண்ணு மூட்டை தூக்கினோம். அதுவும் மார்கழி தான். அன்னிக்கும் இந்தப் பூச்சி எம் பேரு பக்கத்துல ஒக்காந்திருந்துச்சா?"

"இருந்தது."

"மொதலாளி அன்னிக்கு மெட்ராஸ்ல இருந்தாரு. அவரு பேரு பக்கத்துல?"

"இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் ரீகால் அடித்தேன். நட்சத்திரங்கள் எல்லாம் போயின. முத்தம்மாள் இன்னும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, நொண்டிக்கொண்டே ஒன்றாம் பாத்திப் பக்கம் போனாள்.

பழைய நம்பர், பழைய பாத்தி, சேர்ந்த வருஷம் எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எனக்குத் தருவதாகச் சொன்ன உப்பள வேலை வரவில்லை. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. புதுப் புரோகிராமைத் திருத்தும் வேலை சதீஷ் தலையிலேயே விழுந்தது. மாசி மாதம் ஒரு நாள், நான் வகுப்பில் இருக்கும்போது போன் செய்தான்.

"மேடம், எல்லா லைனும் சரி பண்ணிட்டேன். பாத்தி நம்பரும் ஒண்ணுலேர்ந்து தான் வருது. அந்த ஐப்பசி டெலீட் லைன் மட்டும் தான் பாக்கி. அதுக்கு ஜாவாவுல என்ன எழுதணும் மேடம்? குறி மாதிரி தனியா ஒரு கட்டம் வச்சு மறைச்சிடலாமா?"

"ஒண்ணும் எழுதாத."

"மேடம்?"

"அந்த வரிய விட்டுடு."

"விட்டுட்டா ஐப்பசியிலயும் அவங்க பேரு அப்படியே நிக்குமே மேடம்."

"நிக்கட்டும். மழைக்கு அவங்க எங்கயும் போறதில்ல."

அந்தப் பக்கம் காகிதத்தில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. நான் சொன்னதை எழுதிக்கொள்கிறான். புரிந்ததா என்று நான் கேட்கவில்லை. இதையாவது வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொள்ளட்டும் என்று போனை வைத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினேன்.